காலில் ஏறிய ஞானம்

என் கால் மரத்துப்போனதை, ஞானம் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவது நல்லது. கடைசியில் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், அதற்குள் என்னைப் பற்றி உங்களுக்கு ஏதாவது நல்ல அபிப்பிராயம் வந்துவிடும். என்மேல் ஒருவர் வைத்திருந்த நல்ல அபிப்பிராயத்தால் அவர் சாகக் கிடந்தார். அந்தக் கதைதான் இது.

ஜப்பான்காரன் காலம். மலாக்காவில் காஜா பெராங்கில் வீடு. வீட்டில் நான், மனைவி அமிர்தம், பதின்மூன்று வயது மகள், இரண்டு கோழிகள். ரப்பர் கம்பெனியில் கிராணியாக, அதாவது கணக்கும் கடிதமும் எழுதுகிற உத்தியோகத்தில் இருந்தவன் நான். சண்டை வந்ததும் துரை சிங்கப்பூருக்குக் கிளம்பிவிட்டார். கம்பெனிக்குப் பூட்டு விழுந்தது. நான் கொல்லையில் மரவள்ளி நட்டேன்.

துரையின் பங்களாவை ஊரார் சூறையாடிய அன்று நானும் போனேன். போகலாமா கூடாதா என்று அரை நாள் யோசித்துவிட்டுப் போனதால் சைக்கிள், பால் டின், மெத்தை, கதவுக் கைப்பிடி எல்லாம் போயிருந்தன. மிச்சம் கிடந்தது தொப்பி மாட்டுகிற ஒரு மரக்கழியும், தடித்த ஒரு இங்கிலீஷ் புத்தகமும்தான். என்னிடம் தொப்பி இல்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டேன்.

அது பழைய கிரேக்க தேசத்து ஞானிகளைப் பற்றிய புத்தகம். ஸ்டோயிக் என்று ஒரு கூட்டம். அவர்களுக்கு முன்னே ஏதென்ஸ் நகரத்துத் தோப்பு ஒன்றில் பாடம் நடத்திய இன்னொரு கூட்டம். உடம்பு வேறு, ஆத்துமா வேறு, உடம்புக்கு வருவதைக் கண்டு ஆத்துமா கலங்க வேண்டியதில்லை என்று தோப்புக்காரர்கள் சொன்னார்கள். உன் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று பிரித்துக்கொள், கையில் இல்லாததற்காக அழாதே, கையில் இருப்பதை ஒழுங்காகச் செய் என்று ஸ்டோயிக்குகள் சொன்னார்கள். இந்தக் கடைசித் துண்டை நான் வேகமாகப் படித்துத் தாண்டிவிட்டேன். அரிசி கிடைக்காத ஊரில், கையில் இல்லாததற்காக அழாதே என்கிற பாதியே எனக்குப் போதுமானதாக இருந்தது.

இங்கிலீஷ் புத்தகத்தோடு பிடிபட்டால் வம்பு. அதனால் மகளுடைய ஜப்பானியப் பாடப் புத்தகத்தின் அட்டையைக் கிழித்து அதற்குப் போட்டேன். மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவளுடைய கோபம் என் கையில் இல்லாதது என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் எங்கள் வீட்டில் வகுப்பு. நான் வாசித்துத் தமிழில் சொல்வேன். ஆரம்பத்தில் ஐந்து பேர் வந்தார்கள். காப்பித் தூள் தீர்ந்ததும் மூவரானார்கள். வறுத்த மரவள்ளியில் போட்ட காப்பியும் தீர்ந்தபிறகு ஒருவர்தான் மிஞ்சினார். தையற்காரர் சுப்பையா.

சுப்பையாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. துணி இல்லாத காலத்தில் பழைய சட்டைக்கு ஒட்டுப் போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தார். மனைவி போய்ச் சேர்ந்து வெகுகாலம், தனிக்கட்டை. நான் என்ன சொன்னாலும் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு அதைச் செய்துபார்த்துவிட்டு அடுத்த வாரம் வந்து நிற்பார்.

"பகல்ல என்னென்ன செஞ்சோம், எதைச் செய்யாம விட்டோம்னு வெளக்கேத்துற நேரத்துல நெனச்சுப் பாக்கச் சொன்னீங்களே கிராணியாரே, பாத்தேன். செவ்வாக்கெழம ஒரு ஆளுகிட்ட பட்டன் இல்லன்னு பொய் சொல்லிருக்கேன்."

"சரி."

"நீங்களும் பாக்குறீங்கல்ல?"

"பின்னே?" என்றேன். ஒரு நாளும் பார்த்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் என் கால் மாறியது. செருப்பு கழன்று விழுந்தால் தெரியவில்லை. பத்தடி நடந்தபிறகு மகள் கூப்பிட்டுச் சொல்வாள். கட்டெறும்பு கடித்தது, வலிக்கவில்லை. மரவள்ளித் தண்டு குத்தியது, வலிக்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் பயந்திருப்பார்கள். நான் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். வலியை வென்றவன் என்று ஒரு பக்கத்தில் போட்டிருந்தது. படித்து எட்டு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் முழங்கால்வரை வந்துவிட்டதே, இடுப்புக்கு எப்போது ஏறும் என்று யோசித்தேன். சத்தியமாக அப்படித்தான் யோசித்தேன்.

சுப்பையாவின் காலும் மாறிக்கொண்டிருந்தது, வேறு விதமாக. வீங்கியது. மிஷினை மிதிக்க முடியவில்லை என்றார். விரலை வைத்து முழங்காலுக்குக் கீழே அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது.

"மூச்சும் வாங்குது கிராணியாரே. ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை போய்ட்டு வரட்டுமா?"

நானும் என் விரலை வைத்து ஒரு குழி போட்டுப் பார்த்தேன். பிறகு சொன்னேன். "சுப்பையா, வீக்கம் காலுக்குத்தானே, உனக்கா? இதுக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்கு ஓடுறவன் உடம்புக்கு அடிமைப்பா. பேசாம இரு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பேசாமல் இருந்தார்.

இதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு உற்சாகமூட்டலாம் என்று, அடுப்பிலிருந்து இடுக்கியால் ஒரு நெருப்புக் கங்கை எடுத்து என் பாதத்தின்மேல் வைத்துக்கொண்டேன். தோல் பொசுங்குகிற வாசனை வந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சிரித்தேன். சுப்பையா கை கூப்பிவிட்டார், கண்ணில் தண்ணீர். அமிர்தம் சமையற்கட்டிலிருந்து ஓடிவந்து கங்கைத் தட்டிவிட்டாள்.

சுப்பையா பரவசம் அடங்கியபிறகு, பாராட்டாகத்தான், ஒரு சமாச்சாரம் சொன்னார்.

"எங்க தோட்டத்துலயும் ஒருத்தர் இப்படித்தான் கிராணியாரே. நெருப்பு சுட்டாத் தெரியாது. பெரிய மகான்னு நெனச்சுக் கும்பிட்டுக்கிட்டு இருந்தோம்."

"அப்புறம்?"

"அப்புறம் பெருவியாதின்னு சுங்கை பூலோவுக்கு ஏத்திட்டுப் போய்ட்டாங்க."

ஞானம் என்னை விட்டு இறங்கிய வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சுப்பையா படி இறங்குவதற்குள் நான் மகளின் கண்ணாடியில் காது மடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தடித்திருப்பதுபோல் இருந்தது. இழுத்து இழுத்துப் பார்த்ததில் உண்மையாகவே தடித்தது. முழங்கையில் ஒரு தேமல் கண்டுபிடித்தேன். அமிர்தம் எச்சில் தொட்டுத் துடைத்தாள், போய்விட்டது. மரவள்ளிப் பால் கறை. அது போனது எனக்குத் தைரியம் தரவில்லை. ஆத்துமா வேறு உடம்பு வேறு என்பதெல்லாம் சரி, சுங்கை பூலோ குஷ்டரோகக் காலனிக்கு இரண்டையும் சேர்த்துத்தானே வண்டியேற்றுவார்கள்?

"விடிஞ்சதும் ஆஸ்பத்திரி" என்றேன். "யார் கேட்டாலும் செங் ஊர்ல உன் அண்ணன் வீட்டுக்குக் கிழங்கு நடப் போயிருக்கேன்னு சொல்லு. முக்கியமா சுப்பையாகிட்ட."

அமிர்தம் என்னைப் பார்த்தாள். "அவரும்தானே ஆஸ்பத்திரிக்குப் போவட்டுமான்னு கேட்டாரு?"

"அது வீக்கம். இது வேற."

காலையில் ரிக்ஷாவில் போனோம். வழியில் ஜப்பான் காவல்காரன் நின்றான். இறங்கி ஒருமுறை குனிந்து வணங்க வேண்டும், அதுதான் சட்டம். நான் மூன்றுமுறை குனிந்தேன். மூன்றாவதில் கால் சொன்னபடி கேட்காமல் அவன் பூட்ஸ்மேலேயே விழுந்தேன். அவன் சிரித்துவிட்டான். அவன் சிரித்தது என் நல்ல காலம்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நீள பெஞ்சு. கால் புண்ணோடு, காய்ச்சலோடு, வீக்கத்தோடு நாற்பது ஐம்பது பேர். யார்மேலும் படக்கூடாது என்று நான் ஓரத்தில் ஒட்டிக்கொண்டேன். பக்கத்தில் இருந்த சீனக் கிழவர் நான் இடம் விடுவதாக எண்ணி நெருங்கி வந்து, என் தோளில் தலை வைத்துத் தூங்கிப்போனார். மணி ஒன்பது என்று சுவர்க் கடிகாரம் காட்டியது. அது டோக்கியோ நேரம். நம் வயிற்றுக்கு அப்போது மணி ஏழரை. ஒன்றரை மணி நேரத்தைக்கூடப் பிடுங்கிக்கொண்டார்கள், நான் உட்கார்ந்திருந்தேன்.

எங்களைக் கூப்பிட்ட டிரெஸ்ஸர், அதாவது டாக்டரின் உதவியாள், எங்கள் பகுதியிலேயே பரம்பரையாக இருக்கிற மலாக்காச் செட்டிகளில் ஒருவர். நெற்றியில் விபூதி, வாயில் மலாய். என் காலைத் துணியால் மறைத்துவிட்டு ஊசியால் குத்தினார்.

"ராசா தக்?" தெரிகிறதா இல்லையா என்று கேட்கிறார்.

"தக்."

"இங்கே?"

"தக்."

முழங்காலுக்கு வந்தபோது, "ஐயோ, ராசா! ராசா!" என்று கத்தினேன். வலி கிடைத்ததில் அவ்வளவு சந்தோஷம்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், மெலிந்த மனிதர். காது மடல், முழங்கை நரம்பு, முதுகுத் தோல் எல்லாம் பார்த்தார். சிறு சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டினார். நல்ல காலாக இருந்தால் தானாக உதைக்குமாம். என் கால் மரக்கட்டை மாதிரி தொங்கியது. "குந்தி இருந்து எழும்பும் பார்ப்பம்" என்றார். குந்தினேன். எழும்ப முடியவில்லை. இரண்டுமுறை துள்ளிவிட்டுத் தவளைபோல் தரையிலேயே இருந்தேன். டிரெஸ்ஸர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்.

"குஷ்டம் இல்லை" என்றார் டாக்டர். "பெரிபெரி."

டிரெஸ்ஸரின் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தேன். பெரிபெரியிலும் ஆள் சாவார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

டாக்டர் விளக்கினார். அரிசியின் தவிட்டில் ஒரு சத்து இருக்கிறது. தீட்டித் தீட்டி வெள்ளையாக்கினால் அது போய்விடும். வெறும் வெள்ளைச் சோற்றையே தின்றுகொண்டிருந்தால் நரம்பு பட்டினி கிடக்கும், முதலில் பாதம் மரக்கும், பிறகு கால் விழும்.

"வீட்டில எல்லாரும் என்ன சாப்பிடுறீங்கள்?"

அமிர்தம் சொன்னாள். "பங்கீட்டுல வர்ற வெள்ளை அரிசி கொஞ்சந்தாங்க. மூணு பேருக்கும் சேத்து வர்றதை அவருக்கு மட்டும் வடிச்சுப் போட்டுருவேன். படிச்ச மனுசன், கெழங்கு எறங்காது. நானும் மகளும் கோழிக்கு வாங்கின தவிட்டுல கஞ்சி வச்சுக் குடிச்சுக்குவோம். பச்சப்பயறு கெடைச்சா போட்டுக்குவோம், மரவள்ளி எலையும்."

டாக்டர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சீட்டில் எழுதத் தொடங்கினார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எட்டு மாதமாக ஒன்றும் வேண்டாமென்று இருக்கப் பழகுங்கள் என்று வகுப்பு எடுத்தேன். மூன்று பேர் சோற்றைத் தின்றுகொண்டு எடுத்தேன். ஒருமுறை அந்தத் தவிட்டுக் கஞ்சியைப் பார்த்து, "கோழித் தீனியை எப்படித்தான் முழுங்குறீங்களோ" என்றுகூடக் கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் இரண்டு பெண்களும் இரண்டு கோழிகளும் நன்றாக நடந்தார்கள். தள்ளாடியது ஞானி மட்டும்தான்.

வார்டில் சேர்த்தார்கள். மருந்து என்ன தெரியுமா? தவிட்டுக் கஞ்சி. காலையில் ஒரு கோப்பை, மாலையில் ஒரு கோப்பை, நடுவில் அவித்த பச்சைப்பயறு. இந்தச் சத்தை ஊசியாகவும் போடலாம், ஆனால் மருந்து வரத்து இல்லை. ஏழெட்டுக் குப்பிதான் இருக்கிறது, அதை இதயம் பாதித்தவர்களுக்கு வைத்திருக்கிறோம் என்றார் டிரெஸ்ஸர். எனக்கு ஊசி இல்லை என்றதும் நிம்மதியாக இருந்தது. அமிர்தம் பயறு கொண்டுவந்தாள். மகள், முட்டையைத் துணியில் சுற்றி அனுப்பியிருந்தாள். கோழியின் முதல் முட்டை. புத்தக அட்டைக்குப் பிறகும் அனுப்பியிருந்தாள்.

மறுநாள் பகல், அமிர்தம் என் கட்டிலருகே இருக்கும்போதே அது நடந்தது. அடுத்த கட்டிலில் ஒரு தோட்டத்து ஆள். இரண்டு காலும் தூண்போல் வீங்கியிருந்தன. வெந்நீர் குடிக்க எழுந்து உட்கார்ந்தார். கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனார். அப்படியே சாய்ந்தார். டிரெஸ்ஸர் ஓடிவந்தார். முடிந்துவிட்டது. வெந்நீர் என் போர்வையில் கொட்டியிருந்தது, இன்னும் சூடாக இருந்தது.

"அவருக்கு என்னங்க?" என்று பின்னால் வந்த டாக்டரிடம் கேட்டாள் அமிர்தம்.

"உங்கட மனுசனுக்கு இருக்கிற அதே நோய்தான். இவருக்கு நரம்பில, அவருக்குத் தண்ணியாய் இறங்கி இதயத்தில. கால் வீங்கும், அழுத்தினால் குழி விழும், மூச்சு வாங்கும். பிறகு ஒரு நாள் இப்படித்தான். அதுதான் வீங்கினவர்கள் உடனே வரவேணும்."

டாக்டர் போனபிறகு நான் என் ஆள்காட்டி விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுப்பையாவின் காலில் குழி போட்ட விரல்.

"நான் கெளம்பட்டுமா?" என்றாள் அமிர்தம்.

நான் சொல்ல வேண்டியது நான்கு வார்த்தை. சுப்பையாவை உடனே வரச் சொல். அவ்வளவுதான். சொன்னால் சுப்பையா வருவார். இதே வார்டில் படுப்பார். செங்கில் கிழங்கு நடுகிற குருநாதர் தவிட்டுக் கஞ்சி குடித்துக்கொண்டிருப்பதைப் பார்ப்பார். அவரை அடிமை என்று சொன்ன மறு வாரமே நான் ஓடிவந்தது தெரிந்துபோகும். "போய்ட்டு வா" என்றேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

அன்று இரவு தூங்கவில்லை. காலியான கட்டிலில் விரிப்பை மாற்றியிருந்தார்கள்.

மூன்றாம் நாளும் அமிர்தம் வந்தாள். வாயைத் திறந்தேன். "பயறு இன்னும் கொஞ்சம் வெந்திருக்கலாம்" என்றேன். அவள் கிளம்பி வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சுப்பையா மூடுவதுபோல் இல்லை, தூங்குகிறவன் மாதிரி. ஜப்பான்காரன், அரிசி, நோய், டோக்கியோ மணி எதுவும் என் கையில் இல்லை. என் கையில் இருந்தது ஒரே ஒரு காரியம். அதைத்தான் நான் செய்யவில்லை.

நான்காம் நாள் காலை ஒரு கைவண்டி ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. அதில் சுப்பையாவைக் கிடத்தியிருந்தார்கள். முகம் வீங்கியிருந்தது, உதடு கறுத்திருந்தது. அமிர்தம் வண்டியின் ஒரு கைப்பிடியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்திருந்தாள். இன்னொன்றை மகள். டாக்டர் அவர் மார்பில் குழாயை வைத்துக் கேட்டார். உடனே குப்பியை உடைத்தார். மாலையில் இன்னொன்று. "இன்னொரு நாள் போயிருந்தால் சரி" என்று கையை விரித்தார்.

மறுநாள் சுப்பையா கண்ணைத் திறந்து, பக்கத்துக் கட்டிலில் என்னைப் பார்த்தார். அந்தத் தோட்டத்து ஆள் செத்த கட்டில்தான் அவருக்கு. கேலி வரும், அதை வாங்கிக்கொள்ளலாம் என்று தயாராக இருந்தேன்.

"கிராணியாரே" என்றார். "நோயில படுத்துக்கிட்டும் என்னை நெனச்சு சொல்லி அனுப்பினீங்களாமே. இல்லன்னா நான் வந்திருக்கவே மாட்டேன். ஓடக்கூடாதுன்னு நீங்க சொன்னதை அப்படியே புடிச்சுக்கிட்டு இருந்தேன்."

அமிர்தம் என் காலடியில் நின்று போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

சுப்பையா தூங்கியபிறகு அவளிடம் கேட்டேன். "செத்தவரைப் பாத்த அன்னிக்கே சுப்பையா வீட்டுக்குப் போனேன்" என்றாள். "'கிராணியார் சொல்லாம வரமாட்டேன்மா'ன்னுட்டாரு. நீங்களா சொல்லுவீங்கன்னு மறுநாள் வந்து பாத்தேன். சொல்லல. அதான் நீங்க சொன்னதா நானே சொல்லிட்டேன்." சண்டை போடுகிற குரலில் சொல்லவில்லை. அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரல்.

மூன்று வாரத்தில் வெளியே வந்தேன். சுப்பையா ஆறு வாரத்தில். ஜப்பான்காரர்கள் போய்விட்டார்கள். சுப்பையா மறுபடி மிஷின் மிதிக்கிறார். துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயிலில் என் நட்சத்திரத்தை அமிர்தத்திடம் கேட்டு வாங்கி என் பேருக்கு அர்ச்சனை செய்கிறார். கடைத்தெருவில் என்னைக் காட்டி, சாகக் கிடந்தபோதும் அடுத்தவனை நினைத்த மனிதர் என்கிறார். கேட்டவர்கள் எழுந்து இடம் விடுகிறார்கள். நானும் உட்கார்ந்துகொள்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கேட்டார். "வெளக்கேத்துற நேரத்துல நெனச்சுப் பாக்குறீங்கல்ல கிராணியாரே?"

இப்போதுதான், இதை எழுதும்போதுதான், முதல்முறையாகப் பார்க்கிறேன். வரும் ஞாயிறு இதை அவருக்கு வாசித்துக் காட்டப் போகிறேன். இங்கிலீஷ் இல்லை, மொழிபெயர்க்கிற சாக்கில் எதையும் தாண்ட முடியாது.

சுப்பையா, நடந்தது இதுதான். உன்னை வரச் சொன்னது அமிர்தம். நான் யாரையும் அனுப்பவில்லை.